மூன்று வளைவுகளில் நின்றவர்

என் குறிப்பேடுகளில் அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒரே ஒரு பக்கத்தை என்னைப் போலப் பிசியோதெரபி வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏறிய உயரம், நின்ற இடங்கள், நின்ற நேரம், நாடி, மூச்சு எண்ணிக்கை எல்லாம் அதில் கட்டம் போட்டு வரிசையாக இருக்கும். ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்தப் பக்கத்தால்தான் ஒருவருக்கு நடக்கவேண்டிய அறுவை சிகிச்சை நின்றுபோனது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஜவ்வாது மலைமேல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறிய கிளை இருந்தது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். திங்களும் வியாழனும் கீழிருந்து ஜீப் வரும். டாக்டர், மருந்து, கடிதம் எல்லாம் அதில்தான். மற்ற நாட்களில் ஒரு நர்ஸும் நானும் மட்டும். போலியோ வந்த குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அங்கே போட்டிருந்தார்கள். நான் அடிவாரத்துச் சந்தவாசல்காரன். மலையைப் பார்த்து வளர்ந்தவனே தவிர, மலை ஏறி வளர்ந்தவன் இல்லை. அப்போது நாற்பதை ஒட்டிய வயது, தொந்தி விழத் தொடங்கியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சடையன் எங்கள் கிளைக்கு இருமலோடு வந்தவர். ஐம்பதுக்கு உட்பட்ட வயது. சாமை விதைப்பார், பத்துப் பதினைந்து புளியமரம் வைத்திருந்தார். சளியில் ரத்தம் கண்டதும் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதமாகியும் நிற்கவில்லை. கீழே அனுப்பிப் படம் எடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அந்தக் காலத்தில் அதை நோயாளியிடம் ‘கட்டி’ என்றுதான் சொல்வோம். வேறெங்கும் பரவியிருக்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு என்றார் சர்ஜன். ஆனால் சடையனுக்கு இருபத்தைந்து வருடத்து பீடிப் பழக்கம். மிச்சமிருக்கும் நுரையீரல் தாங்குமா என்பதுதான் கேள்வி.

“மூணு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுங்க. பீடியை நிறுத்துங்க. அப்புறம் நிக்காம மூணு மாடி ஏறுறாரான்னு பாக்கலாம். ஏறினா கத்தியை எடுக்கிறேன்,” என்றார் சர்ஜன்.

மூன்று வாரம் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. சடையனுக்கும் தங்க மனமில்லை. புளி உலுக்கும் பருவம். “நான் இங்க படுத்துக்கினு கெடந்தா கொரங்குதான் சார் பழம் துன்னும்,” என்றார். ஆகவே பயிற்சி மலையிலேயே, என்னிடம். மூன்று வாரம் முடிந்ததும் மூன்று மாடி உயரத்துக்குச் சமமான ஏற்றம் ஒன்றில் அவரை ஏற்றி, நின்றாரா, எத்தனை இடத்தில், எவ்வளவு நேரம் என்று நான் எழுதி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து சர்ஜன் முடிவு செய்வார். அறுவைக்குத் தேதிகூடக் குறித்தாகிவிட்டது, சோதனைக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை.

பயிற்சி முறைகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் இருந்தவை இரண்டு குளுக்கோஸ் பாட்டில், ஒரு ரப்பர் குழாய், அரிசி அளக்கும் ஒரு படி. ஒரு பாட்டிலில் ஊதினால் அதிலுள்ள தண்ணீர் குழாய் வழியாக அடுத்த பாட்டிலுக்குப் போக வேண்டும். படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் படியைக் கவிழ்த்தால், மூச்சை இழுக்கும்போது படி உயர வேண்டும்.

சடையனின் மனைவி குப்பம்மாள் முதல் நாள் அந்தப் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, சோடாக் கடை போடப் போறீங்களா?” என்று கேட்டார்.

“இதுல ஊதி ஊதித்தாம்மா இவருக்கு மூச்சு பெருசாவணும்.”

“பெருசாவட்டும். ஆனா பீடி வலிக்கறதுக்கு மட்டும் இவருக்கு எங்கேர்ந்துதான் மூச்சு வந்துச்சோ.”

“வுட்டுட்டேன்னு சொன்னனா இல்லியா?” என்றார் சடையன்.

“வுட்டாரு சார். மடியிலேர்ந்து வுட்டாரு, கூரையில சொருவி வெச்சிருந்தாரு. நான் அடுப்புல போட்டேன்.”

உண்மையிலேயே விட்டுவிட்டார். முதல் வாரம் பாதித் தண்ணீரில் நின்றவர், மூன்றாம் வாரம் பாட்டிலை முழுதாகக் காலி செய்தார். அறுவைக்குப் பிறகு வலியோடு இரும வேண்டியிருக்கும் என்பதால், சுருட்டிய கம்பளியை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமப் பழக்கினேன். எல்லாவற்றையும் நாள்தோறும் எழுதினேன். எனக்கே என் குறிப்புகள்மேல் ஒரு பெருமை இருந்தது.

சோதனைக்கு ஓடையிலிருந்து கிளைக்கு ஏறிவரும் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். கயிறும் கொத்தனாரின் ரசமட்டமும் வைத்து உயரத்தை அளந்தேன். மூன்று மாடிக்கு ஒரு முழம் கூடுதலாகவே இருந்தது. பாதையில் மூன்று வளைவுகள். திங்கட்கிழமை காலை சடையனை ஓடைக்கரையில் நிறுத்தி, “உங்க வேகத்துல ஏறுங்க, நான் பின்னாலயே வர்றேன்,” என்றேன். இது சோதனை என்று சொல்லவில்லை. சொன்னால் நோயாளி வீறாப்பாக ஏறிக் கெடுத்துக்கொள்வார், இயல்பாக ஏறவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கோ கற்றிருந்தேன். ஒரு கையில் கடிகாரம், மறு கையில் நோட்டு, தோளில் பை.

முதல் வளைவில் சடையன் நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோது மார்பில் கை வைத்து, ஒரு பாறையில் சாய்ந்து, “ஸ்ஸ்... அப்பா” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனம் தளர்ந்தது. நேரத்தைக் குறித்தேன். “போலாங்களா சார்?” என்றார். போனோம். இரண்டாவது வளைவில் மறுபடி நின்றார். துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் உட்கார்ந்தேவிட்டார். மேலே போனதும் நாடி பார்த்தேன், தொண்ணூற்றாறு. அதையும் எழுதினேன். என்னுடைய நாடியை நான் எண்ணவே இல்லை.

‘மூன்று இடங்களில் நின்றார். மார்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தார்.’ அன்று வந்த ஜீப்பிலேயே அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ஜீப்பில் சர்ஜனின் பதில் வந்தது. நான்கே வரி. மூச்சுத் திறன் போதாது, அறுவையைத் தாங்கமாட்டார், செவ்வாய்க்கிழமை இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறேன், இருமலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து வைத்துக்கொள்ளவும். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். அறுவை இல்லையென்றால் சடையனுக்கு வேறு வழி இல்லை. சில மாதங்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் இருவரும் புளியம்பழ ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. “ஆபரேஷன் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு,” என்று நேராகவே சொன்னேன்.

சடையன் கையிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே, “சரிங்க சார். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

குப்பம்மாள்தான் எழுந்து நின்றார். “இன்னாத்துக்கு வேணாமாம்? மூணு வாரம் சோடா பாட்டிலக் கட்டிக்கினு ஊதினாரே, அது எதுக்கு?”

“மூச்சு போதலைம்மா. ஏத்தத்துல மூணு எடத்துல நின்னாரு.”

“யாரு, இவரா? நேத்து புளியமரத்து உச்சில நின்னு உலுக்கினாரே, அதப் பாத்தாரா உங்க டாக்டரு?”

“ஏய், சும்மா கெட,” என்றார் சடையன்.

“நான் இன்னாத்துக்கு சும்மா கெடக்கணும்? உசுரு போற விசயம். சார், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு வூட்டுக்கு வந்து இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘பாவம் மூச்சு சாரு, நாலடி ஏறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கிடுச்சி. மூணு எடத்துல நின்னு நின்னு இட்டுக்கினு வந்தேன்’னாரு.”

மலையில் பலரும் என்னை ‘மூச்சு சார்’ என்றுதான் அழைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் என்னை நன்றாகக் குத்தியது. சடையனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நெஞ்சப் புடிச்சிக்கினு நின்னீங்களே?” என்றேன். என் பேச்சும் ஊர்ப் பேச்சாக மாறியிருந்தது.

“அது... பின்னால வர்றவங்களுக்கு முடியலன்னா முன்ன போறவன் நிக்கணுங்க சார். உனக்காவ நிக்கறேன்னு சொல்ல முடியுமா? அவங்களுக்கு வெக்கமா பூடும். அதனால தனக்கே முடியாத மாரி நிக்கறது. எங்க மலைல எல்லாரும் அப்டித்தான். நீங்களும் ஒண்ணும் சொல்லலயா, சரி, உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சிக்கினேன்.”

“இதாலதான் ஆபரேஷனே நின்னு போச்சுன்னு இப்ப சொன்னனே. அப்பவாவது சொல்லக் கூடாதா?”

“வூடு தேடி வந்திருக்கீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா எப்டி சார் சொல்றது?”

ஒருவர் தன் உயிரைவிட என் மானத்தைப் பெரிதாக நினைத்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்ததை எல்லாம் எழுதினேன். ‘ஏன் நின்றீர்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்ணூற்றாறு என்ற நாடி அதே பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தது. மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டவனின் நாடி அல்ல அது. எழுதிய கை அதைக் கேட்கவில்லை.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். முதல் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரத்தில் இரண்டாவது தவறு செய்வது எவ்வளவு சுலபம் என்பதையும் அந்த வாசலில்தான் உணர்ந்தேன். அப்போதே உட்கார்ந்து, ‘நான் எழுதியது பிழை, அவர் நிற்கவே இல்லை’ என்று ஒரு கடிதம் எழுதிவிட மனம் துடித்தது. ஆனால் அது குப்பம்மாள் சொன்னதும், நான் ஆசைப்பட்டதும். என் கண் பார்த்தது அல்ல. உண்மையிலேயே பாதி தனக்காகவும் பாதி எனக்காகவும் நின்றிருந்தால்? என் வெட்கத்தைத் துடைத்துக்கொள்ள, தாங்காத ஒருவரைக் கத்திக்கு அனுப்பியவன் ஆவேன். மறுபடி பார்க்க வேண்டும், இந்த முறை சரியாக.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் முதலில் தனியாக ஏறி மேலே போய் உட்கார்ந்துவிட்டேன். நான் ஏறியபோது எத்தனை இடத்தில் நின்றேன் என்பதை அந்தக் குறிப்பேட்டில் தேடாதீர்கள். சடையனிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். இது சோதனை, இதை வைத்துத்தான் ஆபரேஷன், உங்களுக்கே முடியவில்லை என்றால் தயங்காமல் நில்லுங்கள், வேறு யாருக்காகவும் நிற்காதீர்கள். அவர் புறப்பட்டதற்கு அடையாளமாகக் குப்பம்மாள் ஓடைக்கரையில் நின்று முந்தானையை வீசினார். கடிகாரத்தை அழுத்தினேன்.

சடையன் வேகமாக ஏறவில்லை. உதட்டைக் குவித்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு, ஒரே சீராக வந்தார். ஒரு வளைவிலும் நிற்கவில்லை. மேலே வந்ததும் மூச்சு சற்று வேகமாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. எழுதினேன். எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டினேன்.

“இப்ப சரிங்களா?” என்றார்.

“சரி. கீழ போலாம். டாக்டரே பாக்கட்டும்.”

அடுத்த ஜீப் திங்கட்கிழமை. அதற்குள் இடம் போய்விடும். திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் மூவரும் ஏறினோம், அங்கிருந்து இன்னொரு பஸ். சனிக்கிழமை காலை சர்ஜன் அறையில் நின்றேன்.

சர்ஜன் கனத்த உடம்புக்காரர், கோபக்காரர் என்று பெயர். இரண்டு பக்கங்களையும் மேசையில் வைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியது, எனக்காக அவர் நின்றார், நான் ஏன் என்று கேட்கவில்லை. அவர் இரண்டையும் படித்தார். முதல் பக்கத்தில் நாடி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது கண்ணுல படலையா உங்களுக்கு?”

“எழுதினேன். யோசிக்கல, டாக்டர்.”

“எனக்கும்தான் படல,” என்றார் அவர். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “வாங்க. மூணு மாடி இங்கயே இருக்கு. இந்தத் தடவை நான் அவர் பின்னால வரேன்.”

மாடிப்படியின் கீழே சடையனின் காதருகே குனிந்து, “யார் பின்னால வந்தாலும் நிக்காதீங்க,” என்றேன். சடையன் சர்ஜனின் உடம்பை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. குப்பம்மாளுக்கும் புரிந்திருக்க வேண்டும். “தே, அவரு டாக்டரு, அவரு பாத்துக்குவாரு. நீ போ,” என்றார்.

சடையன் ஏறினார், சர்ஜன் பின்னால் ஏறினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சடையன் திரும்பிப் பார்த்தார். கால் தயங்கியது. “போங்க, போங்க!” என்று சர்ஜனின் குரல் கேட்டது, நடுவில் இரண்டு மூச்சோடு. சடையன் நிற்காமல் மேலே ஏறிவிட்டார்.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது சர்ஜன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். சடையன் அவரருகில் நின்று, “தண்ணி கொண்டாரட்டுங்களா டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்ஜனுக்குப் பேச்சு வரச் சிறிது நேரமாயிற்று. “உங்க நோட்டுல என்னையும் எழுதிக்கோங்க,” என்றார் என்னிடம். “இந்த ஆளு ஆபரேஷனுக்குத் தாங்க மாட்டான்னு.”

செவ்வாய்க்கிழமைக்குக் குறித்திருந்த மற்றொருவரின் அறுவை அவசரமானதல்ல. குடலிறக்கம், ஒரு வாரம் பொறுக்கும் என்று அவரிடமே கேட்டுத் தள்ளிவைத்தார்கள். சடையனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையே அறுவை நடந்தது. கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தார்கள். முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். இரும மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். தையல் பிரிந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று பயம். அது நடக்காது என்று சர்ஜனையே சொல்லவைத்த பிறகு, கம்பளியை அணைத்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கும்படி இருமினார். மூன்றாம் நாள் படத்தில் மிச்ச நுரையீரல் நன்றாக விரிந்திருந்தது.

என் பங்குக்கு நான் ஒன்றே ஒன்றை மாற்றினேன். ஏற்றச் சோதனைக்கு நான் கட்டம் போட்ட தாளில் ‘நின்ற இடம்’, ‘நின்ற நேரம்’ என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று கோடு போட்டேன். ‘ஏன் – அவர் சொன்னது’. முப்பது வருடத்தை எட்டிய என் வேலையில், நோயாளியின் வார்த்தைக்கென்று நான் ஒதுக்கிய முதல் இடம் அதுதான். அதில் விழுந்த பதில்கள் பல வகை. செருப்பு வார் அறுந்தது, அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது, எதிரே மாமனார் வந்தார். நீங்கள் இன்று எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் அளந்துகொள்ளுங்கள். அந்தப் பத்தியைக் கருவி நிரப்பாது.

ஆறு மாதம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், அதே ஓடைக்கரையிலிருந்து சடையன் ஏறினார். நான் மேலே இருந்து பார்த்தேன். அன்றைய பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இரண்டு இடங்களில் நின்றார் என்று எழுதியிருக்கிறேன். முதல் இடத்துக்கு நேரே, ‘மூச்சு வாங்கியது’. இரண்டாவதற்கு நேரே, ‘புளியமரத்தில் இந்த வருடம் பிஞ்சு எப்படி என்று பார்த்தாராம். நல்ல காய்ப்பாம்.’